அப்பாவின் இடது பக்கம்

காது டாக்டர் இந்த முறையும் அதையேதான் சொன்னார். பிலோமிக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன, வலது காதில் ஒரு குறையும் இல்லை, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல காது கிடைக்காது. சொல்லிக்கொண்டே அவர் எழுந்து அவளுடைய வலது பக்கமாக வந்து மருந்துச் சீட்டை நீட்டினார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். டாக்டர் முறைத்தார். நல்ல காதை வைத்துக்கொண்டு கேட்கவில்லை என்று வருகிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

காது அவளுடையதுதான். கேட்காத பழக்கம் மட்டும் அவளுடையதல்ல. அது அவளுடைய அப்பா சூசை மச்சாதுவினுடையது. அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

சூசை நீலமுனைத் துறைமுகத்தில் பைலட். வெளிக்கடலில் வந்து நிற்கும் கப்பலில் ஏறி, எங்கே பாறை, எங்கே மணல்மேடு என்று கேப்டனுக்குச் சொல்லி, இழுவைப் படகுகளை ஏவி, கப்பலைப் பத்திரமாகக் கரைசேர்க்கிற வேலை. ஒரு பைலட்டைத் தயார்செய்ய வருஷக்கணக்கில் ஆகும். கம்பெனிகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால், கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலை கொடுக்கும்போது இறந்தவரின் நினைவையும் சேர்த்தே கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. வேலையில் சேரும்போதே மண்டை ஓட்டில் ஒரு சின்ன வில்லை பதித்துவிடுவார்கள். துறைமுக வாசலைத் தாண்டி உள்ளே போனதும் அது பதியத் தொடங்கும். கடலுக்குப் போனாலும் பதிந்துகொண்டிருக்கும், வேலை முடிந்து அந்த வாசல் வழியே வெளியே வந்தால் நின்றுவிடும். கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் அதில் இருக்கும். சொந்த ரத்தத்துக்குத்தான் ஒட்டும் என்பதால் பிள்ளைகளுக்கு மட்டும் ஏற்றுவார்கள். நினைவேற்றம் என்று அதற்குப் பெயர். செத்தவருக்கும் ஓய்வு கொடுக்காத வேலை என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள்.

ஆக, பிலோமிக்கு இப்போது நீலமுனைக் கடலின் ஒவ்வொரு சுழியும் தெரியும். கப்பலின் முனை எந்த நேரத்தில் திரும்பத் தொடங்கும் என்பது அடிவயிற்றில் தெரியும். கூடவே அப்பாவின் செவிட்டு வலது காதும் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் காது வீட்டுக்குள் காத்த ரகசியம். சின்ன வயதில் கடலில் தோட்டா வெடி போட்டு மீன் பிடித்தவர்களின் படகில் நின்றபோது அந்தச் சத்தத்தில் போனது. ஒரு காது கேட்காதவனைப் பைலட் வேலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் நடக்கும் காது சோதனையில், மெஷினை அழுத்தும் நர்ஸின் விரல் எதிர்க் கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துக் கையைத் தூக்கிவிடுவார். அதற்கு வீட்டில் ஒத்திகை நடக்கும். பிலோமி முதுகுப்பக்கம் உட்கார்ந்து கரண்டியால் தட்டுவாள், அவர் அலமாரிக் கண்ணாடியில் பார்த்துக் கையைத் தூக்குவார். தாயில்லாத அந்தப் பிள்ளையோடு அவர் விளையாடிய ஒரே விளையாட்டு அது. சாப்பிடும்போது அவருக்கு இடது பக்கம் உட்கார வேண்டும், நடக்கும்போது இடது பக்கம் நடக்க வேண்டும். மற்றபடி அவர் பேசமாட்டார். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்டதில்லை.

வலது காது மங்கியதில் அவளுக்குப் பெரிய நஷ்டம் பாட்டுதான். சின்ன வயதிலிருந்து மாதா கோவில் பாடற்குழுவில் பாடியவள். எல்லோருக்கும் ஒரு மூச்சு முந்திக்கொண்டு உச்சத்துக்குத் தாவிவிடுகிறாள் என்று சிஸ்டர் திட்டுவார், ஆனால் விடமாட்டார். இப்போது வலது பக்கம் நிற்பவர்களின் குரல் கேட்காமல் சுருதி விலகிப்போகிறது என்று அவளே நின்றுகொண்டாள். கூடப் பாடிய பெண்கள் கொஞ்ச நாள் வந்து கூப்பிட்டார்கள். அவள் அப்பாவைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பதையும், அப்பாவைப் போலக் கையைப் பின்னால் கட்டி நிற்பதையும் பார்த்து, பிறகு அவர்களும் வரவில்லை. செத்தவர் நடமாடுவது மாதிரி இருந்தால் யார் வருவார்கள்.

கம்பெனி குடியிருப்பில் அவளும் அப்பாவின் நினைவுகளும்தான் இருந்தார்கள். அந்த நினைவுகளெல்லாம் மங்கலானவை, எண்ணெய் வாடையும் எஞ்சின் இரைச்சலும் நிறைந்தவை. ஒன்று மட்டும் பளிச்சென்று இருக்கும். அப்பாவின் கண்ணில் அவள் பள்ளி ஆண்டு விழா மேடையில் பாடுகிறாள். அப்பா சீருடையோடு கூட்டத்தின் கடைசியில், தூண் ஓரமாக நிற்கிறார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் இரண்டு பக்கமும் மழை மாதிரி கொட்டுகிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்த விழாவுக்கு அப்பா வரவே இல்லை என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் பதிவது மட்டும்தானே வரும், இது எப்படி வந்தது என்று கம்பெனியின் சட்ட அதிகாரி கிங்ஸ்லியிடம் கேட்டபோது, சில சமயம் ஒன்றிரண்டு தப்பி வந்து ஒட்டிக்கொள்ளும், அதிர்ஷ்டம்தான் என்றார். அதை நினைக்கும்போது மட்டும் அவளுடைய வலது காதும் திறந்துகொள்ளும். சந்தோஷத்தில் அப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணிக்கொண்டாள். சாப்பிடப் பிடிக்காத நாட்களில் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பயிற்சிக்கு அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனவர் பைலட் படகு ஓட்டும் லசார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, துறைமுக வாயில் கல் அணைக்கு வெளியே வந்ததும் பிலோமியின் கை தானாக உயர்ந்தது. எஞ்சினை அணைக்கச் சொல்லும் சைகை அது. லசார் அணைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஒங்க அப்பாவும் இப்பிடித்தான் பிள்ள. கப்பலு காத்துக் கெடந்தாலும் இந்த எடத்துல அணைக்கச் சொல்லுவாவ. டீசல மிச்சம் பிடிக்காவளோன்னு நெனப்பேன்."

ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தலை கரையைப் பார்த்துச் சாய்ந்தது. அலை பாறையில் மோதும் சத்தத்தை வைத்து நீரோட்டம் பார்ப்பார் போல என்று விட்டுவிட்டாள்.

அதற்கடுத்த வாரம்தான் கிங்ஸ்லி வீட்டுக்கு வந்தார். விபத்தைப் பற்றி விசாரணைக் கமிஷன் உட்காரப் போகிறது, அவள் சாட்சி சொல்ல வேண்டும். விபத்து ஊருக்கே தெரிந்ததுதான். மழை மதியத்தில் சூசை ஒரு சரக்குக் கப்பலை உள்ளே கொண்டுவரும்போது இழுவைக் கயிறு அறுந்தது. கப்பல் திரும்பி இழுவைப் படகைக் கவிழ்த்தது. அதை ஓட்டிய சேவியரும் அவருடைய உதவியாளும் மூழ்கிப்போனார்கள். கப்பலின் ஓரத்தில் நின்ற சூசை அந்தக் குலுக்கலில் கடலில் விழுந்து இறந்தார். கயிறு பழையது, மாற்றச் சொல்லிக் கேட்டும் கம்பெனி மாற்றவில்லை என்று ஊரில் பேச்சு. கம்பெனி வேறு கதை வைத்திருந்தது. கயிறு தாங்காது, நிறுத்துங்கள் என்று சேவியர் வாக்கிடாக்கியில் கத்தியும் சூசை காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றது.

வாரிசின் நினைவைச் சட்டம் சாட்சியாக ஏற்கும். அந்தக் கடைசி நேரத்து நினைவைத் தனியாக, பிறகு ஏற்றலாம் என்று கம்பெனி நிறுத்தி வைத்திருந்தது. இப்போது ஏற்றிவிட்டு, கமிஷன் முன்னால் அவள் உள்ளதைச் சொன்னால் போதும் என்றார் கிங்ஸ்லி. சொன்னால் வேலை நிரந்தரம், வீடும் அவளுக்கே. அப்பாவின் தவறுக்காக மகளைத் தண்டிக்க கம்பெனி அவ்வளவு மோசமில்லை என்று சிரித்தார்.

நினைவு மையத்தில் அவளுக்கு ஏற்றியவள் உமையாள் என்ற தொழில்நுட்பப் பெண். அதிகம் பேசாதவள். நாற்காலியில் சாய்ந்து பிலோமி கண்ணை மூடினாள். மழை. கப்பலின் ஓரக் கம்பி. கை நனைகிறது. வாக்கிடாக்கியில் சேவியரின் குரல் வருகிறது. சூசை அண்ணே, கயிறு பிரியுது, நிறுத்துங்க, நிறுத்துங்க. அப்பா கேட்கிறார். கேட்டுவிட்டு, போ போ என்று சைகை காட்டுகிறார். ஐயோ அப்பா என்று முனகினாள். அடுத்த நொடியில்தான் உறைத்தது, சேவியரின் குரல் வலது தோளிலிருந்து வருகிறது.

அப்பா வாக்கிடாக்கியை வாழ்நாளில் வலது தோளில் மாட்டியதில்லை. மாட்டியிருந்தாலும் அந்தக் காதுக்கு ஒன்றும் எட்டியிருக்காது. அவருடைய மூளைக்கு வலது பக்கம் என்று ஒரு சத்தமே கிடையாது. இந்த நினைவைச் செய்தவர்களுக்கு அது தெரியாது. தெரியாதபடி அவரும் அவளும் கரண்டியும் கண்ணாடியும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

வெற்றி பெற்ற மாதிரி ஒரு துள்ளல் வந்தது. வந்த வேகத்தில் செத்தும் போனது. இரண்டு பக்கமும் மழை மாதிரி கொட்டும் கைதட்டல் நினைவுக்கு வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தபோது உமையாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஆண்டு விழா நினைவும் செஞ்சதுதானா?"

உமையாள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"எல்லா வாரிசுக்கும் ஒண்ணு அப்படிக் கொடுப்போம். இனிப்பா ஒண்ணு இருந்தாத்தான் மத்ததையும் மனசு ஏத்துக்கும். இல்லாட்டி சில பேரு பாதியிலயே வேண்டாம்னு எடுக்கச் சொல்லிடுவாங்க."

"அந்த விழா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சேரும்போது ஒரு அம்மா உங்கிட்ட அன்பாப் பேசினாங்கள்ல, அப்பா விஷயத்துல உனக்கு என்ன குறைன்னு கேட்டு. நீதான் சொன்னே, அவரு வரலைன்னு."

சொன்னாள்தான். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, அழுதுகொண்டே சொன்னாள். அவரே தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கிங்ஸ்லியிடம் நேராகவே சொல்லிவிட்டாள், இது அப்பாவின் நினைவு இல்லை என்று. அவர் பதறவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கறையான குரலில் பேசினார்.

"பாரும்மா, அது இல்லைன்னா அந்த ஆண்டு விழாவும் இல்லை. கமிஷன்ல கேட்டா ரெண்டையும் சேத்து எடுத்துருவாங்க. அதை விட்டுட்டு இருக்க முடியுமா உன்னால? ஒங்க அப்பா ஒனக்கு மிச்சம் வச்ச ஒரே பாசம் அது. நல்லா யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். யோசிப்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு வேலை இல்லை. உண்மையைச் சொன்னால், ஒரு காது கேட்காதவர் ஊரை ஏமாற்றிக் கப்பல் ஓட்டினார் என்று அப்பாவின் பெயர் நாறும். பொய்யான தகுதியில் அவர் வாங்கிய வேலையை வைத்து அவளுக்கு வந்த கருணை வேலையும் போகலாம். வீடு போகலாம். சொல்லாவிட்டால் இரண்டு பேரைக் கொன்றவராக அவர் பெயர் நிற்கும், அதை நிறுத்தியது அவள் வாயாக இருக்கும். இது எதுவும் அவளை அவ்வளவாக அசைக்கவில்லை என்பதுதான் உண்மை. பொய் என்று தெரிந்த பிறகும், கண்ணை மூடினால் தூண் ஓரமாக அவர் நின்று கண்ணைத் துடைத்தார். அதை எப்படிக் கொடுப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கேட்க ஒருவரும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் காலி நாற்காலிக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு நெடுநேரம் அழுதாள். அந்தப் பொய்யில் அவர் எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். அவளுடைய அப்பா அப்படித் திரும்ப மாட்டார்.

கமிஷனில் நீதிபதியாக இருந்தது வயதான ஓர் அம்மா. பின் வரிசையில் சேவியரின் மனைவி இருதயமேரி உட்கார்ந்திருந்தாள். விபத்துக்குப் பிறகு கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். பிலோமி எழுந்து நின்று, அப்பாவுக்கு வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது என்றும், வலது பக்கம் கேட்கும் எந்த நினைவும் அவருடையது அல்ல என்றும் சொன்னாள். காது சோதனையில் எப்படித் தப்பித்தார், தான் எப்படி உதவினாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அறையில் சலசலப்பு எழுந்தது.

கிங்ஸ்லி எழுந்தார். வலது காது போனதற்கு மருத்துவச் சான்று உண்டா என்று கேட்டார். இல்லை. நல்ல காது என்று வருஷாவருஷம் கொடுத்த சான்றுதான் இருக்கிறது என்றார். சொந்த அப்பாவைக் காப்பாற்ற ஒரு மகள் சொல்கிற கதையை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீதிபதி அவளைப் பார்த்தார்.

"வேறே ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?"

இருந்தது. அவள் கிங்ஸ்லியைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதைப் போல. அவளுடைய கஷ்டத்தை அந்த அறையில் முழுதாகப் புரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"இருக்கு. எங்கிட்ட ஒரு நினைவு இருக்கு. எங்க அப்பா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வந்த நினைவு. வில்லை துறைமுகத்துலயும் கடல்லயும்தான் பதியும். ஸ்கூல் துறைமுகத்துக்குள்ள இல்ல. அத எடுத்துப் பாருங்க. அதைச் செஞ்ச கைதான் இதையும் செஞ்சிருக்கு." அவள் நீதிபதியை நேராகப் பார்த்தாள். "எங்க அப்பா அந்த விழாவுக்கு வரல."

வில்லையில் பதிந்த மூலப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். அது பழுதாகிவிட்டது என்று கம்பெனி முதலில் சொன்னது, பிறகு காணவில்லை என்றது. இழுவைக் கயிற்றின் வயதை விசாரிக்கத் தொடங்கினார்கள். அப்படியென்றால் அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று நீதிபதி பிலோமியிடம் கேட்டபோது, எனக்குத் தெரியாது என்றாள். அது உண்மை. இனித் தெரியவும் போவதில்லை.

வெளியே வராந்தாவில் இருதயமேரி வழிமறித்தாள். மாதக்கணக்கில் பேசாதவள், அழாமல் கேட்டாள்.

"கேக்காத காத வச்சிக்கிட்டா எம் புருஷன கூட்டிட்டுப் போனாவ?"

பிலோமி விலகாமல் நின்றாள். இருதயமேரி படியிறங்கிப் போனாள். மறுநாள் பேப்பரில் சூசையின் படம் வந்தது, செவிட்டுப் பைலட் என்று கொட்டை எழுத்தில்.

இரண்டு நினைவுகளையும் எடுத்தவளும் உமையாள்தான். எடுக்கும்போது வலிக்கவில்லை. முடிந்ததும் பிலோமி தேடிப் பார்த்தாள். ஆண்டு விழா இருந்தது, அவளுடைய கண்ணால் பார்த்ததாக மட்டும். மேடையில் நின்று அவள் கூட்டத்தைத் தேடுகிறாள், தூண் ஓரம் காலியாக இருக்கிறது. உமையாள் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அந்தப் பளிச்சென்ற விளக்கு அணைந்துவிட்டதால் மற்றவை இனிக் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், கண் இருட்டுக்குப் பழகுகிற மாதிரி நாளாகும் என்றாள்.

வேலையைப் பற்றி முடிவு வரும்வரை கடலுக்குப் போகத் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை லசாரின் படகில் ஏறினாள். லசார் பேப்பரைப் பார்த்திருந்தார். அவள் உட்கார அப்பாவின் இடத்தைத் துடைத்துவிட்டார். கல் அணையைத் தாண்டியதும் அவள் கை வழக்கம்போல உயர்ந்தது. எஞ்சின் நின்றது.

அலைச் சத்தம். அதற்குப் பின்னால், கரைக் கோவிலின் ஒலிபெருக்கியிலிருந்து மாலைப் பூசைப் பாட்டு மிதந்து வந்தது. பாடற்குழுப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். தலை கரைப்பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் அப்பாவின் நினைவு ஒன்று மேலே வந்தது. மங்கலானது. டீசல் வாடை அடித்தது. இதே படகு, இதே இடம், அணைந்த எஞ்சின். சத்தம் இடது பக்கம் மட்டும்தான் இருந்தது, வலது பக்கம் வெறும் இருட்டு. இடது காதில் இதே கோவில் பாட்டு. பத்துப் பன்னிரண்டு குரல்களுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் மற்றவர்களுக்கு ஒரு மூச்சு முந்தி உச்சத்துக்குத் தாவியது.

அதற்குப் பின்னால் இன்னொரு ஞாயிறு வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்தக் குரல் ஒன்றில் சின்னப் பிள்ளையாக இருந்தது, ஒன்றில் வளர்ந்திருந்தது. எல்லாம் வேலை நேரத்தில், வில்லை ஒழுங்காகப் பதிந்தவை. அவள் இத்தனை நாளும் எஞ்சின் இரைச்சல் என்று ஒதுக்கித் தள்ளியவை.

கரையில் பிள்ளைகள் உச்சத்துக்கு வந்தார்கள். ஒருவரும் முந்தவில்லை. எல்லோரும் ஒன்றாகவே தொட்டார்கள்.

"போவமா பிள்ள?" என்று லசார் கேட்டார்.

"பாட்டு முடியட்டும் மாமா."

படகில் அப்பாவின் வழக்கமான இடத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, அந்த இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுடைய வலது காதில் காற்று கேட்டது.